பனியில் படுத்தால் குளிர் கீழிருந்துதான் ஏறும்

டிசம்பர், ஜனவரியில் இமயமலையின் கேதார்கந்தா சிகரத்துக்கு ட்ரெக் கிளம்பும் நம் ஊர்க்காரர்கள் முதலில் கேட்பது எந்த ஜாக்கெட் வாங்கலாம் என்பதுதான். ஜாக்கெட் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் பகலில் ஏற்றம் ஏற ஆரம்பித்ததும் பாதிப் பேர் அதைக் கழற்றிப் பையில் திணித்துவிடுவார்கள். குளிர் தன் வேலையைக் காட்டுவது இரவு எட்டு மணிக்கு மேல், அசையாமல் படுத்திருக்கும்போது. அந்த நேரத்தைத் தூங்கிக் கழிப்பதா, நடுங்கிக் கழிப்பதா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: முதுகுக்கு அடியில் என்ன கிடக்கிறது, உடம்பில் எவ்வளவு ஈரம் இருக்கிறது. ஸ்லீப்பிங் பேக் என் கணக்கில் மூன்றாவதாகத்தான் வரும்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டத்தில் சாங்க்ரி கிராமத்திலிருந்து நடை தொடங்கும். முதல் இரவு பெரும்பாலும் ஜூடா கா தாலாப் என்ற ஏரிக்கரையில், சுமார் 9,100 அடி. அடுத்தது சிகரத்துக்குக் கீழே உள்ள முகாம், சுமார் 11,250 அடி. சிகரம் 12,500 அடி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. ஜனவரியில் மேல் முகாமில் இரவு மைனஸ் 10ஐத் தொடுவது சாதாரணம். சிகரம் ஏற அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே எழுப்பிவிடுவார்கள். அதற்குள் கிடைக்கும் ஐந்தாறு மணிநேரத் தூக்கத்தைக் குளிருக்குப் பறிகொடுத்தால் மறுநாள் ஏற்றம் நரகம்.

முதலில் மேட்

ஸ்லீப்பிங் பேக் சூட்டை உண்டாக்காது. உள்ளே இருக்கும் இறகோ செயற்கைப் பஞ்சோ காற்றைப் பிடித்து வைக்கிறது. அந்த அசையாத காற்றுதான் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. நீங்கள் படுத்ததும் முதுகுக்குக் கீழே உள்ள பகுதி நசுங்கிவிடும், காற்றும் போய்விடும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய பேக்காக இருந்தாலும், அந்த இடத்தில் உங்களுக்கும் பனிக்கும் நடுவே மிஞ்சுவது நசுங்கிய துணிதான். தரை விடாமல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நடுராத்திரியில் இடுப்பும் தோளும் சில்லிட்டு, புரண்டு புரண்டு படுக்கிறவர்கள் பேக்கைத் திட்டுவார்கள். குற்றவாளி கீழே கிடக்கும் மேட்.

மேட் எவ்வளவு தடுக்கும் என்பதை ஆர்-வேல்யூ என்ற எண்ணால் சொல்கிறார்கள். முன்பு ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் அளந்து எழுதியது. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுமுறை வந்த பிறகு வெவ்வேறு பிராண்டுகளை நேருக்கு நேர் ஒப்பிட முடிகிறது. மடித்து எடுத்துப்போகும் சாதாரண ஃபோம் மேட் 2 வாக்கில் இருக்கும். உள்ளே ஒன்றும் இல்லாத, வெறும் காற்று அடைக்கும் மேட் அதைவிடவும் மோசமாக இருக்கலாம். உள்ளே இருக்கும் காற்று சுழன்று சூட்டைக் கீழே கொண்டுபோய்விடும். தெர்மரெஸ்ட் எக்ஸ்தெர்ம் மாதிரி குளிர்காலத்துக்கென்றே செய்தவை 7ஐத் தாண்டும், விலையும் அப்படியே. யோகா மேட்டை நம்பி யாரும் பனிக்குப் போகாதீர்கள்.

பூஜ்யம் டிகிரி வரை ஆர் 4 போதும். பனியின்மேல் மைனஸ் 10 என்றால் 5க்குக் கீழே இறங்க வேண்டாம். நல்ல செய்தி என்னவென்றால் இந்த எண்களை அப்படியே கூட்டிக்கொள்ளலாம். ஆர் 2 ஃபோம், அதன்மேல் ஆர் 3 காற்று மேட், மொத்தம் 5. ஃபோமைக் கீழே போட்டால் காற்று மேட்டில் ஓட்டை விழாமலும் காக்கும். அப்படியே விழுந்தாலும் ஃபோமாவது மிஞ்சும். ட்ரெக் நடத்துகிறவர்கள் வழக்கமாக ஆளுக்கு ஒரு ஃபோம் மேட் தருவார்கள். கிளம்புவதற்கு முன்பே போன் போட்டு இரண்டு கேளுங்கள். கிடைக்காது என்றால் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். எடை அரைக் கிலோகூட இருக்காது.

காற்று மேட்டை வாயால் ஊதாதீர்கள். மூச்சின் ஈரம் உள்ளே போய் உறையும். கூடவே வரும் பம்ப் பையைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று: மாலை வெயிலில் விறைப்பாக ஊதிய மேட் இரவு தொளதொளவென்று கிடந்தால் உடனே ஓட்டை என்று பதற வேண்டாம். 20 டிகிரியில் அடைத்த காற்று மைனஸ் 10க்கு வந்தால் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். படுப்பதற்கு முன் ஒரு முறை காற்றைக் கூட்டிக்கொண்டால் போதும்.

மேட் கால் வரை எட்டவில்லையா? காலியான முதுகுப்பையைக் கால்மாட்டில் போடுங்கள். டென்ட்டுக்குள் உட்கார்ந்து பேசும்போதும் மேட்டின்மேல் உட்காருங்கள். அரை மணிநேரம் வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டுப் பேக்குக்குள் நுழைந்தால், இழந்த சூட்டைத் திரும்பப் பிடிக்க நேரமாகும்.

பேக்கின் மேல் எழுதியிருக்கும் மூன்று எண்கள்

ஐஎஸ்ஓ 23537 தரத்தில் (முன்பு இஎன் 13537) சோதித்த பேக்கில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு 0, மைனஸ் 6, மைனஸ் 23. கடைக்காரர் உற்சாகமாகக் காட்டுவது கடைசி எண்ணை. அது தூங்குவதற்கான எண்ணே அல்ல. அந்தக் குளிரில் ஆறு மணிநேரம் உயிர் தாங்கலாம், உடம்பு விறைத்துப்போகும் அபாயத்தோடு, என்பதுதான் அதன் பொருள். லிமிட் என்பது சராசரி ஆண் உடம்பைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கும் எல்லை. கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் நிம்மதியாகக் கால் நீட்டித் தூங்கும் அளவு. ஆண் பெண் யாராக இருந்தாலும் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். அந்த எண்ணும் நல்ல கனமான மேட்டின்மேல், தெர்மல் உடையோடு, ஆய்வகத்தில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து அளந்தது. பகல் முழுக்க நடந்து களைத்த, சமவெளியிலேயே வளர்ந்த உடம்புக்கு அதிலிருந்து ஐந்து டிகிரி தள்ளி வையுங்கள். மைனஸ் 10 எதிர்பார்த்தால் கம்ஃபர்ட் மைனஸ் 15.

வாடகை பேக் என்றால் எண்ணை நம்பாமல் கையை நம்புங்கள். பேக்கை விரித்து, உதறி, இருபது நிமிடம் விடுங்கள். நன்றாக உப்பி எழுந்தால் உயிர் இருக்கிறது. விரல்களுக்கு நடுவே துணியைப் பிடித்து மேலிருந்து கீழ்வரை தடவிப் பாருங்கள். இறகு ஒரு ஓரமாகத் திரண்டு, இன்னொரு இடத்தில் இரண்டு துணியும் ஒன்றையொன்று தொட்டால், இரவு அந்த இடத்தில் குளிர் குத்தும். ஜிப்பை முழுதாக ஒரு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஜிப்புக்கு உள்பக்கமாக நீளத்துக்கும் ஒரு திண்டு ஓட வேண்டும், கழுத்தைச் சுற்றியும் ஒன்று இருந்தால் நல்லது. அவை இல்லாத பேக்கில் ஒவ்வொரு முறை புரளும்போதும் சூடான காற்று கழுத்து வழியாக வெளியே போகும்.

ஒரு பேக் போதவில்லை என்றால் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போடலாம். வெளிப் பேக் அகலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே இருப்பதை நசுக்கிவிடும். இறகு பேக் உள்ளேயும் செயற்கைப் பஞ்சு வெளியேயும் இருக்கட்டும். உடம்பிலிருந்து கிளம்பும் ஈரம் வெளி அடுக்கில்தான் குளிர்ந்து நீராகும். நனைந்த இறகு சுருண்டுவிடும், பஞ்சு ஓரளவு தாங்கும். பேக்குக்குள் போடும் ஃபிளீஸ் லைனர் என்ற உள்ளுறை சில டிகிரி கூட்டும், பேக்கையும் அழுக்காகாமல் வைக்கும். அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

ஈரம்

முகாமுக்கு வந்து சேர்ந்ததும் எல்லாரும் செய்வது, பையை இறக்கிவிட்டு டீயோடு படம் எடுக்கப் போவது. முதல் பத்து நிமிடத்தில் செய்ய வேண்டியது உள்ளாடை, பனியன், சாக்ஸ் மூன்றையும் மாற்றுவது. தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் நடந்த துணியில் வேர்வை இருக்கும். வெயில் மறைந்ததும் அது உடம்புச் சூட்டை உறிஞ்சித்தான் ஆவியாகும். பருத்தி இங்கே உதவாது. வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு காயவே காயாது. ஜீன்ஸும் காட்டன் பனியனும் சாங்க்ரியிலேயே இருக்கட்டும். கம்பளி அல்லது பாலியஸ்டர் தெர்மல் ஒரு ஜோடி, கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி, இரண்டையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி, தூங்குவதற்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். அவற்றைப் போட்டுக்கொண்டு ஒரு அடி ஏற்றம்கூட ஏறாதீர்கள்.

துணி இல்லாமல் படுத்தால்தான் பேக் சூடாகும் என்று ஒரு பேச்சு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தவறு. காய்ந்த துணி ஒவ்வொன்றும் கூடுதல் அடுக்குதான். ஒரே நிபந்தனை, பேக் உள்ளிருந்து பிதுங்கி இறுக்கமாகக் கூடாது. கனமான ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நுழைவதைவிட, ஜிப்பைப் போட்டு மூடி, பேக்கின் கால்பகுதிமேல் உறை மாதிரி மாட்டிவிட்டால் நன்றாக வேலை செய்யும். சாக்ஸும் அப்படித்தான். இரண்டு மூன்று ஜோடியைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் மரத்துப்போகும். தளர்வான ஒன்று போதும். குல்லா கட்டாயம். தலை வழியாகத்தான் பாதிச் சூடு போகிறது என்பது கட்டுக்கதை, தலை உடம்புப் பரப்பில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மற்ற எல்லாம் மூடியிருக்கும்போது திறந்து கிடப்பது அது ஒன்றுதான்.

மூச்சு விடும் இடம் முக்கியம். பேக்கின் தலைப்பகுதிக் கயிறை இழுத்தால் முகம் மட்டும் தெரியும் அளவுக்குச் சுருங்கும். மூக்கும் வாயும் அந்தத் துளைக்கு வெளியே இருக்க வேண்டும். குளிர்கிறது என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டால் முதல் பத்து நிமிடம் சுகமாக இருக்கும். அப்புறம் மூச்சின் ஈரம் முழுவதும் இறகில் இறங்கும், அடுத்த இரவு பேக் பாதி உப்பலில் கிடக்கும். மூக்கு நுனி குளிர்ந்தால் மெல்லிய பஃப் துணியை முகத்தில் இழுத்துவிடுங்கள்.

இதே காரணத்துக்காக டென்ட்டையும் முழுதாக அடைக்கக் கூடாது. இரண்டு மூன்று பேர் விடிய விடிய விடும் மூச்சு எங்கேயாவது போயாக வேண்டும். எல்லா ஜிப்பையும் மூடினால் அது உள்சுவரில் வெண்பூச்சாக உறையும். காலையில் யாராவது சுவரில் முழங்கை இடித்தால் பொலபொலவென்று முகத்திலும் பேக்கிலும் கொட்டும். மேலே உள்ள காற்றுத் துளைகளைத் திறந்து வையுங்கள், கதவு ஜிப்பின் உச்சியில் ஒரு சாண் விட்டு வையுங்கள். ஒன்றிரண்டு டிகிரி இழப்பீர்கள், பேக் காய்ந்திருக்கும்.

வெந்நீர் பாட்டில்

செலவில்லாமல் கிடைக்கும் சூடு இதுதான், ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். அகல வாய் கொண்ட கெட்டி பிளாஸ்டிக் பாட்டில், நால்ஜீன் மாதிரி, ஒரு லிட்டர். மினரல் வாட்டர் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிக் கோணலாகி, மூடி இடுக்கில் கசியும். ஃபிளாஸ்க் கொண்டுவந்து பேக்குக்குள் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. சூட்டை வெளியே விடாமல் இருப்பதற்காகச் செய்த பாத்திரம் அது, உங்களுக்கு எப்படிச் சூடு கொடுக்கும்? குடிப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே சமையல் கூடாரத்தில் சொல்லிவையுங்கள், அடுப்பை அணைத்தபின் கேட்டால் பாவம் அவர்கள் மறுபடி மூட்ட வேண்டும். 11,000 அடியில் தண்ணீர் 89 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், அந்தச் சூடு போதும். ஊற்றியதும் மூடியை இறுக்கி, பேக்குக்கு வெளியே வைத்தே தலைகீழாகப் பிடித்துக் குலுக்குங்கள். திருகுப் புரியில் ஒரு சொட்டு கசிந்தாலும் துடைத்துவிட்டு மறுபடி மூடுங்கள். நள்ளிரவில் நனைந்த பேக்குக்கு மாற்று கிடையாது. பிறகு பாட்டிலை ஒரு கம்பளி சாக்ஸுக்குள் நுழைத்து, படுப்பதற்குக் கால் மணிநேரம் முன்பே பேக்கின் நடுவில் வையுங்கள். படுத்ததும் தொடைகளுக்கு இடையே இருக்கட்டும். பெரிய ரத்தக்குழாய்கள் தோலுக்கு அருகே ஓடும் இடம் அது, கால்வரை சூடு போகும். வெறும் பாட்டிலைத் தோலில் படும்படி வைத்துத் தூங்கினால் கொப்புளம் நிச்சயம்.

ஒரு லிட்டர் தண்ணீர் 85 டிகிரியிலிருந்து 35க்கு இறங்கும்போது 50 கிலோகலோரி சூட்டைக் கொடுக்கிறது. தூங்குகிற உடம்பு கிட்டத்தட்ட ஒரு மணிநேரத்தில் உண்டாக்கும் சூடு அது. காலையில் அதே தண்ணீர் உறையாமல் குடிக்கக் கிடைக்கும். வெளியே வைக்கும் மற்ற பாட்டில்களைத் தலைகீழாக வையுங்கள். பனிக்கட்டி மேலிருந்து பிடிக்கும் என்பதால் வாய்ப்பக்கம் அடைக்காது.

சொந்தமாகச் சமைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலிவான நீளக் கேன்களில் இருப்பது பெரும்பாலும் வெறும் பியூட்டேன். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அது ஆவியாகாது, அடுப்பு எரியாது. ஐசோபியூட்டேன், புரோப்பேன் கலந்த கேனை வாங்குங்கள், இரவில் அதைத் துணியில் சுற்றி வையுங்கள்.

படுப்பதற்கு முன்

எரிபொருள் இல்லாத உடம்பு சூடு உண்டாக்காது. உயரத்தில் பசி மந்தமாகும், அதனால் பாதித் தட்டோடு எழுந்துவிடுவார்கள். சோறு, பருப்பில் நெய்யைத் தாராளமாக விட்டுச் சாப்பிடுங்கள். படுக்கும்போது ஒரு கைப்பிடி முந்திரி, பாதாம், இரண்டு கடலை மிட்டாய். கொழுப்பு மெதுவாகச் செரித்து நடுராத்திரி வரை கைகொடுக்கும். இரண்டு மணிக்குக் குளிரில் விழிப்பு வந்தால் கடிக்க இன்னும் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். நீலகிரி, கொடைக்கானல் பக்கம் என்றால் அது வேண்டாம். கரடியும் யானையும் நடமாடும் இடத்தில் டென்ட்டுக்குள் தின்பண்டம் இருக்கவே கூடாது.

ரம் குடித்தால் சூடு என்பதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மது தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது, தோல் சூடாவதுபோல் தெரியும், உள்ளுடம்பின் சூடு வெளியேறிக்கொண்டிருக்கும். உயரத்தில் மூச்சையும் மந்தமாக்கும்.

பேக்குக்குள் நுழையுமுன் இருபது தோப்புக்கரணம் போடுங்கள், வேர்க்கும் அளவுக்கு வேண்டாம். குளிர்ந்த உடம்போடு நுழைந்தால் பேக் அந்தக் குளிரைத்தான் பத்திரமாக வைத்திருக்கும். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். குளிரில் தோலுக்குப் போகும் ரத்தம் உள்ளே திரும்புவதால் சிறுநீரகம் அதிகம் வேலை செய்யும், உயரத்துக்காக டயமாக்ஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகம். இரவில் முட்டினால் அடக்கிக்கொண்டு கிடக்காதீர்கள், தூக்கமும் போகும். ஹெட்லாம்ப், ஜாக்கெட், செருப்பு மூன்றும் இருட்டில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் இரண்டு நிமிட வேலை.

போன், பவர் பேங்க், கேமரா பேட்டரி எல்லாம் ஒரு ஜிப் கவரில் உங்களோடு பேக்குக்குள். உறையும் குளிரில் இருக்கும் போனைச் சார்ஜில் போடாதீர்கள், லித்தியம் பேட்டரி கெட்டுவிடும். குழல் வகை வாட்டர் ஃபில்டரையும் உள்ளே வையுங்கள். ஒரு முறை உறைந்தால் உள்ளே நுண்ணிய இழை வெடித்துவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஷூ கயிறை முழுதாகத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, கவரில் கட்டிக் கால்மாட்டில் வையுங்கள். அப்படியே உறைந்தாலும் கால் நுழையும்.

டென்ட் இடத்தை நீங்களே தேர்ந்தெடுப்பதாக இருந்தால் பள்ளத்தைத் தவிர்க்கவும். குளிர்ந்த காற்று கனமானது, இரவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஊட்டியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் தாழ்வான புல்வெளிகளில் உறைபனி முதலில் பிடிப்பது இதனால்தான். ஐம்பது அடி மேலே, மரத்தடியில் போட்டாலே வித்தியாசம் தெரியும். பனியின்மேல் என்றால் ஷூவால் நன்றாக மிதித்துச் சமப்படுத்தி, அரை மணிநேரம் இறுக விட்டுப் பிறகு டென்ட் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் இடுப்பு அழுந்தும் இடத்தில் குழி விழுந்து, அந்த வடிவத்திலேயே உறைந்துவிடும்.

உயிர் போகும் விஷயங்கள்

டென்ட்டுக்குள் கரி அடுப்பு, கேஸ் ஸ்டவ், தணல் சட்டி எதுவும் கூடாது. கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறோம் என்பதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை, இருமல் வராது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். புகை அடங்கிய, செக்கச்செவேல் என்று கனலும் கரிதான் இதில் மிக மோசம். புகை இல்லையே என்று நம்பி அதை உள்ளே தூக்கிவருகிறார்கள்.

பக்கத்தில் படுத்திருப்பவர் வெடவெடவென்று நடுங்கினால் அது உடம்பு போராடுகிறது என்ற அறிகுறி. பேச்சு குழறினாலோ, சட்டைப் பட்டனைப் போடமுடியாமல் விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ காத்திருக்காதீர்கள், வழிகாட்டியை எழுப்புங்கள். நடுக்கம் நின்று அமைதியானால் சரியாகிவிட்டது என்று நினைப்பது பெரிய ஆபத்து, நிலைமை முற்றியிருக்கிறது. ஈரத் துணியைக் கழற்றி, காய்ந்ததைப் போட்டு, இரண்டு மேட்டின்மேல் பேக்குக்குள் வைத்து, அக்குளிலும் மார்பிலும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில் வையுங்கள். நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான பானம். கை கால்களைத் தேய்க்கக் கூடாது, நெருப்பின் அருகே கொண்டுபோகவும் கூடாது.

காலையிலும் வீட்டிலும்

எழுந்ததும் பேக்கை அப்படியே உருட்டிக் கட்டாதீர்கள். சூடான ஈரக் காற்று உள்ளே இருக்கும்போதே அமுக்கி வெளியேற்றி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, டென்ட்டின்மேல் வெயிலில் அரை மணிநேரம் போடுங்கள். சிகரம் போகும் நாளில் திரும்பி வந்து செய்யலாம். சேர்ந்தாற்போல் மூன்று நான்கு இரவு என்றால் இந்த அரை மணிநேரம்தான் கடைசி இரவைக் காப்பாற்றும்.

ஊர் திரும்பியதும் பேக்கைச் சின்னப் பைக்குள் திணித்துப் பரணில் போட்டால் அடுத்த வருடம் அது பாதிதான் உப்பும். சென்னைக் காற்றின் ஈரம் வேறு, பூஞ்சை பிடிக்கும். ஃபேன் காற்றில் இரண்டு நாள் காயவிட்டு, பெரிய பருத்தித் துணிப் பையிலோ பழைய தலையணை உறையிலோ தளர்வாகப் போட்டு, அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை எடுத்து உதறிக் காயவையுங்கள். காற்று மேட்டை வால்வைத் திறந்தபடி விரித்து வையுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் காயட்டும்.